அப்பாவின் இடது கால் மடிப்பு

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, கை கால் சுகத்தோடு இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நாங்கள் நலம் என்று எப்போதும்போல் ஒரே வரியில் எழுதினால் இந்தத் தடவை நீ நம்பமாட்டாய், அதனால் நலமாக இருப்பது எது, இன்னும் நலமாகாதது எது என்று இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன். உன் கடிதம் வந்தது. அப்பாவை இடது இடுப்பு மூட்டை மாற்றும் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கவைத்தது நான்தானே, அது இப்படி ஆனதற்கு நான்தானே பொறுப்பு, வேலையை விட்டுவிட்டு வந்து நானே பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். மற்ற விஷயமெல்லாம் பிறகு, இதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேலையை விடாதே. ராஜினாமா எழுதிவைத்திருந்தால் கிழித்துப் போடு, கொடுத்துவிட்டாய் என்றால் நாளைக்கே போய்த் திருப்பி வாங்கு. ஏன் என்று கடைசிவரை படித்தால் உனக்கே புரியும். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய், நம் வீட்டில் ஒரு அறையில் இருமினால் மறு அறையில் இருப்பவர் தண்ணீர் கொண்டுவருவார், அத்தனை சின்ன வீடு. அதோடு எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசல் மிதித்தவள் என்ற பெயர்தான் எனக்கு, நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் தொண்டையில் பஞ்சு அடைத்துக்கொள்ளும். எழுத உட்கார்ந்தால்தான் எனக்கு நாக்கு முளைக்கும்.

நீ லீவு முடிந்து கிளம்பிய அன்றைக்கு அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து கையசைத்தாரே, அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. நீ கட்டைகளை வைத்து உயர்த்திவிட்டுப் போன கட்டில், கழிப்பறைக்கு வாங்கிவைத்த உயர இருக்கை, படுக்கும்போது இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை, எதிலும் அவர் தகராறு செய்யவில்லை. குனியக்கூடாது என்பதுதான் அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. நாற்பது வருஷம் தையல்கடைத் தரையில் விழுந்த ஊசியைக் குனிந்து எடுத்துப் பழகிய மனிதர் இல்லையா. அதற்கும் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார், கடையில் ஊசி பொறுக்குகிற காந்தத்தை அளவுக்கட்டையின் நுனியில் கட்டி, தூண்டில்காரன் மாதிரி நின்றபடியே எடுப்பார். பயிற்சி கொடுக்க வரும் பிசியோ அம்மா படி ஏறி இறங்கச் சொல்லிக்கொடுத்தபோது, ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கெட்ட கால் முதலில் என்று மனப்பாடம் செய்யச் சொன்னார். இவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. இவ்வளவு செலவழித்து வாங்கிய காலைக் கெட்ட கால் என்று சொல்ல வாய் வரவில்லையாம். அதனால் நம் வீட்டில் இப்போது அது பழசு, புதுசு. பழசு மேலே, புதுசு கீழே என்று முணுமுணுத்துக்கொண்டே வாசற்படியில் ஏறி இறங்கினார். அந்த அம்மாவுக்குக் கணீரென்ற குரல். அவர் போனதும் அப்பா என்னிடம், அந்தக் குரலைக் கேட்டாலே எலும்பு தானா போய்ச் சேர்ந்துக்கும் என்றார். அப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்தான்.

எல்லாம் கெட்டது டாக்டரிடம் மறுபடி காட்டப் போன நாளில். அதுவரை தொளதொளவென்று பைஜாமாதான் போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு, பைஜாமாவோடு தெருவில் இறங்கினால் கட்டிங் மாஸ்டர் என்று எவன் மதிப்பான் என்று சொல்லித் தன் கறுப்புப் பேண்ட்டைக் கேட்டார். நான்தான் மாட்டிவிட்டேன். கடையில் வாடிக்கையாளர்கள் போட்டுப் பார்க்கிற மூன்று மடிப்புக் கண்ணாடியை ஆபரேஷனுக்கு முன்னாலேயே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம், நடையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளட்டும் என்று நீதானே கொண்டுவரச் சொன்னாய். அதன் முன்னால் போய் நின்றார். நின்றவர் நின்றவர்தான். வலது காலில் துணி ஷூவின் மேல் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது, இடது காலில் கணுக்கால் எலும்பு வெளியே தெரிகிறது. உனக்குத் தெரியாததா, அரை இஞ்ச் மாஸ்டர் என்று ஊரே அவரைக் கூப்பிடுவது சும்மா இல்லை. வாடிக்கையாளர் சரியென்று சொன்ன பேண்ட்டைக்கூட அரை இஞ்ச் தூக்குகிறது என்று பிடுங்கிவைத்துக்கொண்டு பிரிக்கிறவர். டேப்பை எடுக்கச் சொன்னார், இடுப்பிலிருந்து தரைவரைக்கும் பிடிக்கச் சொன்னார், எண்ணைக் கேட்டார், டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி இரண்டு பக்கமும் கோடு போட்டுக் காட்டினார். இரண்டு காலும் சமம்தான், பல வருஷம் ஒரு பக்கம் சாய்ந்தே நின்ற உடம்பு, இப்போது நேராக நிறுத்தினால் அதற்கு நேராக இருப்பதே கோணலாகத்தான் தெரியும், சில மாதத்தில் இடுப்பு தானாக இறங்கி உட்காரும், அதுவரை வலது ஷூவில் எதையும் வைத்து உயரம் கூட்டிவிடாதீர்கள், அப்புறம் சாய்வு அப்படியே நின்றுவிடும் என்று பொறுமையாகத்தான் சொன்னார். அப்பா தலையை ஆட்டினார். வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும், “அவர் படத்தை நம்புறாரு. நான் துணியை நம்புறவன். துணி பொய் சொல்லாது” என்றார். அன்றைக்குச் சாயங்காலம் உன் சித்தப்பா வந்தார். அவரைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, தீயைப் பார்த்தால் விசிறியோடு வருகிறவர். நடந்ததைக் கேட்டுவிட்டு, “பேண்ட்டை நீளமா வெட்டிட்டா மடிச்சு விடலாம். காலை நீளமா வெச்சுட்டா என்னண்ணே பண்றது?” என்று ஒரு பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பெருக்கும்போது கட்டிலடியில் கோட்டுக்கு வைக்கிற கேன்வாஸ் துணியின் வெட்டுத்துண்டுகள் கிடந்தன. ஓரமெல்லாம் வளைவாக, பாதத்தின் வடிவத்தை வெட்டி எடுத்த மிச்சம். எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் எதைச் செய்யாதே என்றாரோ அதையே செய்து, கேன்வாஸை அடுக்கடுக்காக வைத்துத் தைத்து வலது ஷூவுக்குள் போட்டிருக்கிறார். கேட்டால் கத்துவார் என்று நான் கேட்கவில்லை. முதலில் அவருக்கு அது நன்றாகத்தான் இருந்தது, பார்த்தாயா இப்போ சமமாயிடுச்சு என்கிற மாதிரி ஒரு முகம். பிறகு முதுகு வலி என்றார், தொடையிடுக்கில் இழுக்கிறது என்றார், நடை முன்னைவிட மோசமாகத் தள்ளாடியது. பிசியோ அம்மா, “மாஸ்டர், நீங்க நடக்கறீங்களா, தரைக்கு அளவு எடுக்கறீங்களா?” என்று கேலியாகக் கேட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பயிற்சி நின்றது. எழுந்திருப்பதும் குறைந்தது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். இன்னொரு டாக்டரைப் பார்த்து மறுபடி திறந்து காலைக் குறைக்கச் சொல்லப்போகிறேன் என்று ஒரு நாள், இனிமேல் நின்று வெட்டுவது நடக்காது, கட்டிங் டேபிளை விற்றுவிடலாம் என்று ஒரு நாள். பின்தெருத் தச்சரை நாமெல்லாம் ரம்பம் என்று கூப்பிடுவோமே, அவரிடம் டேபிளுக்கு வாய்ச்சொல்லும் கொடுத்துவிட்டார்.

அந்த நாட்களில்தான் நீ போன் செய்தாய். “உன் பேச்சைக் கேட்டு நொண்டிக் காலை நெட்டைக் காலா மாத்திக்கிட்டேன், சந்தோஷம்தானே?” என்று அவர் உன்னிடம் சொன்னது எனக்கும் கேட்டது. போனை வைத்த பிறகு அவர் சாப்பிடவில்லை, நீயும் அங்கே சாப்பிட்டிருக்கமாட்டாய். அன்றிலிருந்து உன் போன் வந்தால் குளியலறைக்குள் போய்விடுகிறார், நீயும் அப்பா எங்கே என்று கேட்பதை நிறுத்திவிட்டாய். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு, அவர் தூங்குகிறார், இவள் வேலையில் இருக்கிறாள் என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாள் காலையில் தன் பேண்ட்டுகளையெல்லாம் கட்டிலில் போட்டு, இடது கால் மடிப்பைப் பிரித்து இறக்கிக் கொடு, நீண்டுபோன காலுக்கு நீண்ட பேண்ட்டாவது இருக்கட்டும் என்றார். நம் கடையில் கை மடிப்புத் தையல் எப்போதும் என் வேலைதானே. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தேன். மேலே இருந்த புதுப் பேண்ட்டுகளில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. அடியில் இருந்தது அந்தச் சாம்பல் நிறக் கம்பளிப் பேண்ட், உன்னை முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது போட்டுக்கொள்ள அவர் தைத்தது. நல்ல துணி என்று தூக்கிப்போட மனமில்லாமல் இன்னும் வைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். அதன் இடது கால் மடிப்பைப் பிரித்தேன். உள்ளே ஒரு பழைய மடிப்புத் தடம். அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே மங்கலாக இன்னும் ஒன்று. ஒவ்வொரு தடத்திலும் ஊசி போன துளைகள் வரிசையாக இருந்தன, எல்லாம் என் கை. வலது காலைப் பிரித்துப் பார்த்தேன், ஒரே ஒரு தடம்தான்.

துணி என் மடியில் கிடந்தது, எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இடது கால் தரையில் தேயுது, கொஞ்சம் தூக்கிவிடு என்று சாக் கட்டியால் கோடு போட்டுக் கொடுப்பார். நான் தூக்கித் தைப்பேன். ஒன்றிரண்டு வருஷம் கழித்து மறுபடியும் அதே வார்த்தை, அதே கால். தேய்ந்தது துணி இல்லை, இடுப்பு. மூட்டு தேயத் தேயக் கால் குட்டையாகிக்கொண்டே வந்திருக்கிறது, நாங்கள் அதற்குத் தகுந்த மாதிரி பேண்ட்டைக் குட்டையாக்கிக்கொண்டே வந்திருக்கிறோம். தெருவில் போகிறவன் தோள்பட்டை அரை இஞ்ச் இறங்கியிருப்பதைக் கண்டுபிடிக்கிற இரண்டு பேர், ஒரே வீட்டில் இருந்துகொண்டு, உங்க கால் ஏன் இப்படி ஆகுது என்று ஒரு தடவைகூடப் பேசிக்கொள்ளவில்லை பார். புதுப் பேண்ட்டுகளில் தடம் இல்லாததற்கும் காரணம் இருக்கிறது. ஊருக்கெல்லாம் டேப் பிடிக்கிறவர் தனக்கு என்றைக்கு அளவு எடுத்தார்? போட்டுக்கொண்டிருக்கிற பழைய பேண்ட்டைத் துணி மேல் விரித்து, சுற்றிக் கோடு போட்டு வெட்டுவதுதான் அவர் பழக்கம். அதனால் குட்டைக் கால் ஒரு பேண்ட்டிலிருந்து அடுத்த பேண்ட்டுக்கு அப்படியே இறங்கி வந்திருக்கிறது. டாக்டர் உண்மைக் காலைப் பழைய நீளத்துக்கு இழுத்து வைத்திருக்கிறார். இவர் நொண்டிக் காலுக்குத் தைத்த பேண்ட்டை நல்ல காலில் மாட்டி, கால்தான் தப்பு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது. உள்ளே ஓடிப்போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. ஆனால் என் வாயால் சொன்னால் அவர் கேட்கமாட்டார் என்றும் தெரியும், நீ என்ன டாக்டருக்குப் படிச்சியா என்பார், பி.ஏ.வை இழுப்பார். துணியை நம்புகிறவருக்குத் துணியே சொல்லட்டும் என்று நினைத்தேன். இடது காலை எல்லாவற்றுக்கும் கீழே இருந்த முதல் தடம்வரைக்கும் இறக்கி, அந்தப் பழைய ஊசித் துளைகளிலேயே மறுபடி ஊசியை விட்டு மடித்துத் தைத்தேன். தடங்களை இஸ்திரி போட்டு அழிக்கவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். போட்டுப் பாருங்க என்று கொடுத்தேன். ஷூவைக் காலால் தேடினார். ஷூ வேணாம், வெறுங்காலோட நில்லுங்க என்றேன். பேண்ட் நீளம் ஷூவோட பார்க்கிறதா, வெறுங்காலோட பார்க்கிறதா, இத்தனை வருஷம் கடையில் என்ன பார்த்தே என்று எகிறினார். “இன்னிக்கு ஒரு நாள் நான் மாஸ்டர். நில்லுங்க” என்றேன். அவருக்கே ஆச்சரியம்போல, வாக்கரைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றார்.

இரண்டு காலிலும் துணி ஒரே மாதிரி இறங்கி நின்றது. உடம்பு இன்னும் கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருந்தது, ஆனால் துணியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் கண்ணாடியில் இடதைப் பார்த்தார், வலதைப் பார்த்தார், பக்கக் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தார். “எவ்வளவு கூட்டினே?” என்று கேட்டார். “நான் எதையும் கூட்டலைங்க. நீங்க முதன்முதல்ல வெட்டின அளவுக்கு விட்டேன்” என்றேன். அவருக்கு உடனே புரியவில்லை. அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, குனியக்கூடாது என்பதால் அந்தக் காலை மெதுவாகப் பக்கத்து நாற்காலியில் நீட்டச் சொல்லி, துணியில் மங்கித் தெரிந்த தடங்களை நானே ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினேன். கீழேயிருந்து மேலே, மேலேயிருந்து கீழே இரண்டு தடவை பார்த்தார். டாக்டரைத் திட்டுவார், என்னைத் திட்டுவார், ஏன் அப்போதே சொல்லவில்லை என்பார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஷூவைக் கொண்டுவரச் சொன்னார். வலது ஷூவுக்குள் கையை விட்டு அந்தக் கேன்வாஸ் மெத்தையை உருவி என்னிடம் நீட்டி, “இதையும் பிரிச்சிடு” என்றார். அவ்வளவுதான் பேச்சு. பிறகு, ஜெயிலரம்மாவுக்குப் போன் போடு என்றார். பிசியோ அம்மாவுக்கு அவர் வைத்திருக்கிற பெயர் அது, முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்.

அந்த அம்மா வந்து மெத்தையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தையல் பிரமாதம் மாஸ்டர், வெச்ச இடம்தான் தப்பு” என்றார். ஆனால் சோதித்துப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. நான் உன்னிடம் மறைக்கப்போவதில்லை. இடுப்பின் பக்கத்துத் தசை வேலை செய்யாமலே கிடந்ததால் சுத்தமாகத் தளர்ந்துவிட்டிருந்தது, இடது காலில் மட்டும் நின்றால் உடம்பு சரிகிறது. முதலிலிருந்து தொடங்க வேண்டும், முன்னைவிடக் கஷ்டமாக இருக்கும், ஒழுங்காகச் செய்தால் நேராக நடப்பார், விட்டால் இந்தச் சாய்வோடுதான் மிச்சக் காலம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அப்பா, எத்தனை பேண்ட்டைப் பிரிச்சுத் தைச்சிருப்பேன், இதையும் பிரிச்சுத் தைப்போம் என்றார். சொன்னதைவிடச் செய்வதுதான் கஷ்டமாக இருந்தது. பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்கச் சொன்னால் ஒரு ஜாண் எழும்பாது, உதடு நடுங்கும், நெற்றி வேர்க்கும். நான் பக்கத்தில் நின்றால் பார்த்துக்கொண்டு நிற்காதே என்பார், நகர்ந்தால் எங்கே போனாய் என்பார். கோபத்தில் தலையணையை எறிந்த நாளும் உண்டு. எறிந்ததை எடுத்துக் கொடுத்து மறுபடி தூக்குங்க என்று சொன்ன நாளும் உண்டு. எனக்கு இவ்வளவு பிடிவாதம் இருக்கிறது என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

இதற்கு நடுவில் ரம்பம் தள்ளுவண்டியோடு கடைக்கு வந்து நின்றுவிட்டார், கட்டிங் டேபிளை எடுத்துப்போக. நான் மட்டும்தான் இருந்தேன். வாசலில் நின்று, டேபிள் விற்பனைக்கு இல்லை என்றேன். மாஸ்டரே வாய்ச்சொல் கொடுத்தார், ஆம்பளை பேச்சு மாறலாமா, வண்டி வாடகை யார் கொடுப்பது என்று அறுக்கத் தொடங்கினார். “மாஸ்டர் சொன்னது போன மாசம். அவர் உடம்பு அப்போ கோணலா இருந்துச்சு, பேச்சும் கோணலா வந்துடுச்சு” என்றேன். எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை என்று தெரியவில்லை. அவர் வண்டியைத் திருப்பினார், நான் உள்ளே வந்து ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன். டேபிள் இருக்கிறது. அந்த டேபிள்தான் இப்போது அப்பாவுக்குப் பயிற்சிக்கூடம். நானும் அவரும் காலையில் மெதுவாகக் கடைக்கு நடந்து போகிறோம், ரொட்டிக்கடைத் திருப்பத்தில் ஒரு முறை நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறோம். டேபிள் ஓரத்தில் பித்தளை அளவுகோல் பதித்திருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் அந்தக் கோடிக்குப் போய் இந்தக் கோடிக்கு வருவார். எதிர்ப்பக்கம் நான் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ரொட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, என்ன மாஸ்டர், இன்னைக்கு எத்தனை கஜம் என்று கேட்டுவிட்டுப் போவார்.

ஒரு பயமும் வந்து போனது, அதையும் எழுதிவிடுகிறேன், பின்னால் சித்தப்பா வாயிலிருந்து கேட்டு நீ பதற வேண்டாம். கொஞ்சம் தேறியதும் யாரோ வாடிக்கையாளர் பின்னாலிருந்து கூப்பிட, இவர் பாதத்தை நட்டது நட்டபடியே வைத்துக்கொண்டு உடம்பை மட்டும் வெடுக்கென்று திருப்பிவிட்டார். டேபிளுக்கும் அலமாரிக்கும் நடுவில் நின்று அப்படித் திரும்பித்தானே ஆயுசு முழுக்க வேலை செய்தார், அதைத்தான் செய்யவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். முகம் வெளுத்து டேபிளில் சாய்ந்துவிட்டார். மூட்டு நழுவிவிட்டது என்றே நினைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரேயில் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது, சுளுக்குத்தான். டாக்டரிடம் பேண்ட் விஷயத்தை நானே சொன்னேன், ஆமாம், நானே, வாயைத் திறந்து, முதலிலிருந்து கடைசிவரை. அவர் சிரித்துவிட்டு, நான் எக்ஸ்ரே காட்டியதற்குப் பதில் அந்தப் பேண்ட்டைக் கேட்டிருக்கலாம் என்றார். மறுநாள் கடையைத் திறந்ததும் நான் தையல் சாக் கட்டியை எடுத்து டேபிளுக்கும் அலமாரிக்கும் நடுவில் தரையில் பாதம் பாதமாக வரைந்துவைத்தேன், திரும்புவதென்றால் அதன்மேல் சின்னச் சின்னதாகக் காலை எடுத்துவைத்துத்தான் திரும்ப வேண்டும். முதலில் நடனப் பள்ளிக்கூடமா இது என்றார். இப்போது சாக் மங்கினால் அவரே அழுத்தி வரையச் சொல்கிறார்.

இன்னும் நலமாகாதது இதுதான்: வாக்கரை விட்டாயிற்று, கைத்தடி இருக்கிறது. சாயங்காலமானால் நடையில் சாய்வு தெரிகிறது. சாக்ஸ் போட இன்னும் நான்தான் வேண்டும். நீண்ட நேரம் நிற்க முடியவில்லை, கால் வீங்குகிறது, அதைப் பார்த்து முகம் சுண்டிப்போகிறது, மறுநாள் மறுபடி ஆரம்பிக்கிறோம். ஆனால் இடது கால் நீளம் என்ற பேச்சு இப்போதெல்லாம் இல்லை. எப்போது நின்றது என்றுகூட எனக்குத் தெரியவில்லை, ஒரு நாள் கேட்டேன், இன்னும் நீளமாகத் தோன்றுகிறதா என்று, எது என்று கேட்டார்.

நேற்றுக் கடையில் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். அலமாரியிலிருந்து ஒரு கருநீலத் துணியை எடுத்து, டேப்பை என் கையில் கொடுத்து, அளவு எடு என்றார். யாருக்கு என்றேன். எனக்குத்தான் என்றார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் நான் அவருக்கு டேப் பிடித்தது அந்த ஒரு கெட்ட நாளில் மட்டும்தான், அதனால் கை கொஞ்சம் தயங்கியது. இடது கால் எடுத்தேன், எண்ணைச் சொன்னேன். வலது கால் எடுத்தேன், அதே எண். சரியாகப் பிடி என்று மறுபடி எடுக்கச் சொன்னார், மறுபடியும் அதே எண். உனக்குத் தெரியும், எல்லோருக்கும் பேண்ட் வெட்டும்போது துணியை இரட்டையாக மடித்துப் போட்டு இரண்டு காலையும் சேர்த்தே வெட்டிவிடுவார். தனக்கு வெட்டும்போது மட்டும் துணியை ஒற்றையாக விரித்து, இடது தனியாக, வலது தனியாக வெட்டுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. நேற்றுத் துணியை இரட்டையாக மடித்தார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து உள்ளங்கையால் தடவிவிட்டார். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, இரண்டு காலையும் அகட்டி ஊன்றி நின்று, பெரிய கத்தரியை எடுத்து ஒரே வெட்டாக வெட்டிக்கொண்டு போனார். கடைசிவரைக்கும் உட்காரவில்லை. வெட்டி முடித்து இரண்டு துண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தூக்கிப் பிடித்து, “அவளுக்கு எழுது” என்றார். என்ன எழுத என்றேன். பார்த்ததை எழுது என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார், சாக் பாதங்களின் மேல் காலை வைத்துத்தான்.

அதனால் கண்ணு, நீ எதற்கும் பொறுப்பு இல்லை, நீ சொன்னதால்தான் அவர் நேராக நிற்கிறார். பாலம் கட்டுகிற இடத்தில் மட்டம் பார்க்கிறவள் நீ, வீட்டில் இருக்கிற இரண்டு பேரின் மட்டத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். வேலையில் கவனமாக இரு, உயரத்தில் ஏறும்போது போன் பேசாதே, ஈரச் சாக்ஸைக் காயாமல் போடாதே. உன் முதுகு வலி என்று போன மாதம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போனாய், நான் மறக்கவில்லை. எந்த வலியையும் பேண்ட்டை மடிக்கிற மாதிரி மடித்து மடித்து உள்ளே வைக்காதே, நம் வீட்டில் அது ஒரு வியாதி, என்னோடும் அப்பாவோடும் நிற்கட்டும். போய் டாக்டரிடம் காட்டிவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எழுது. வருஷ லீவு எப்போது வருகிறதோ அப்போது வா, அவரைப் பார்த்துக்கொள்ள இல்லை, அவரோடு ரொட்டிக்கடைவரைக்கும் நடக்க. எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய் நொடி இல்லாமல், நிமிர்ந்த முதுகோடு நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். முதுகை டாக்டரிடம் காட்ட மறக்காதே, இரண்டாவது தடவை எழுதுகிறேன்.

கீழே இருக்கிற வரி அப்பாவுடையது. படிக்கக் கொடுத்தேன், படித்துவிட்டு, தச்சர் விஷயத்தில் நான் அதிகம் அளக்கிறேன் என்றார், பிறகு பேனாவை வாங்கிக்கொண்டு டேபிள் அருகே நின்றபடியே எழுதினார்.

என்றும் உன்மேல் பிரியம் குறையாத,
அம்மா

பாப்பா, உனக்கும் ஒரு பேண்ட்டுக்குத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். வரும்போது அளவுக்கென்று பழைய பேண்ட் எதையும் கொண்டுவராதே. நீ நேரில் வந்து நில், நானே எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, நான்தான் எடுப்பேன். — அப்பா